லோங்கேவாலாவில் நான் தேடிய சின்ன விமானம்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் குடும்பத்தோடு ஜெய்சல்மேர் போயிருந்தேன். கோட்டையையும் ஹவேலிகளையும் மற்றவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, ஒருநாள் டாக்ஸி பேசிக்கொண்டு விடிவதற்கு முன்பே பாகிஸ்தான் எல்லைப் பக்கம் இருக்கும் லோங்கேவாலாவுக்குக் கிளம்பினேன். 120 கிலோமீட்டருக்குப் பக்கமாக வரும். ராம்கட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோர மணல்மேடு ஒன்றில் ஏறி நின்றேன். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை, அங்கே பார்க்க எதுவும் இல்லையே என்றார். நான் பார்க்க வந்தது வெளிச்சத்தைத்தான். டிசம்பரில் அந்தப் பக்கம் சூரியன் எழ ஏழே காலாகிவிடுகிறது. ஆறரை மணிக்கு மணலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். அப்புறம் மேடு எது, பள்ளம் எது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. சூரியன் தலைகாட்டியதும் முழங்கால் உயரப் புதருக்குக்கூடப் பத்தடி நீளத்துக்கு நிழல் விழுகிறது. ஒரு ஆடு நின்றால் போதும், அதன் நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

1971 இந்தியா-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 5-ஆம் தேதி, இந்த வெளிச்சம் வரட்டும் என்றுதான் ஒரு கம்பெனி வீரர்கள் இரவு முழுக்கக் காத்திருந்தார்கள்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும், சினிமாவாகக்கூட வந்துவிட்டது. இருந்தாலும் எனக்கு முக்கியமாகப் படுகிற வரிசையில் சொல்லிவிடுகிறேன். லோங்கேவாலா காவல் நிலையில் இருந்தது பஞ்சாப் ரெஜிமென்டின் 23-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி. சுமார் 120 பேர். தலைமை மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. டிசம்பர் 4 இரவு, எல்லைப் பக்கம் ரோந்து போயிருந்த இளம் அதிகாரி தரம்வீர், டாங்கிகள் உறுமும் சத்தம் கேட்கிறது என்று வயர்லெஸ்ஸில் தகவல் சொன்னார். வந்துகொண்டிருந்தவை நாற்பதுக்கும் மேற்பட்ட பாகிஸ்தான் டாங்கிகள், கூடவே காலாட்படை பிரிகேட் ஒன்று. லோங்கேவாலாவைத் தாண்டி ராம்கட், அங்கிருந்து ஜெய்சல்மேர் என்பது அவர்கள் திட்டம். சாந்த்புரியிடம் டாங்கி என்று எதுவும் இல்லை. ஜீப்பில் பொருத்திய டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி, மார்ட்டார்கள், மெஷின் கன்கள், அவ்வளவுதான். இருந்து சமாளிப்பதா, நடந்தே பின்வாங்குவதா என்ற முடிவை மேலிடம் அவரிடமே விட்டது. அவர் இருந்துவிட்டார்.

விமானம் கேட்டார். ஜெய்சல்மேர் விமானத் தளத்தில் நம் விமானப்படையின் ஹண்டர் போர் விமானங்கள் இருந்தன. பயிற்சிப் பிரிவிலிருந்து அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை, விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆனால் அவற்றில் இரவில் இலக்கைத் தேடிப் பிடிக்க எந்தக் கருவியும் கிடையாது. முதல் வெளிச்சத்தில் வருகிறோம் என்று பதில் வந்தது.

இந்தப் பதிலை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தம் கேட்கிற பக்கமாகப் போய் இரண்டு குண்டாவது போட்டிருக்கலாமே என்று நினைத்தேன். பாலைவனத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அங்கே ஒரு ஆறு இல்லை, ஊர் விளக்கு இல்லை, அடையாளம் சொல்ல ஒரு கோபுரம் இல்லை. நம் ஆட்களுக்கும் அவர்களுக்கும் நடுவே சில நூறு மீட்டர்தான் இடைவெளி. மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறவருக்கு ஒரு வினாடி என்பது கிட்டத்தட்ட 200 மீட்டர். இருட்டில் அவர் பட்டனை ஒரு வினாடி தாமதமாக அழுத்தினால் குண்டு யார் தலையில் விழும்? உதவி கேட்டவர்கள் தலையிலேயே விழும்.

இரவைக் காலாட்படைதான் கடத்தியது. முள்கம்பி வேலியைப் பார்த்த பாகிஸ்தான் டாங்கிகள், கண்ணிவெடி புதைத்திருக்கிறது என்று நினைத்துத் தயங்கி நின்றதாகச் சொல்வார்கள். மணலில் சில வண்டிகள் புதைந்துகொண்டன. வெளிப்புறம் எரிபொருள் பீப்பாய்களோடு வந்த டாங்கி அடிபட்டால் அது எரிகிற வெளிச்சமே நம் ஆட்களுக்கு விளக்கு. இப்படியே மணி ஆறானது.

விடிந்ததும் இரண்டு ஹண்டர்கள் வந்தன. அவை குண்டு தீர்ந்து திரும்பும்போது வேறு இரண்டு, அப்புறம் மறுபடியும் இரண்டு, பகல் முழுக்க இப்படித்தான். மூக்கின் அடியில் நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள், இறக்கைக்குக் கீழே ராக்கெட்டுகள். ஒரு டாங்கிக்கு முன்பக்கக் கவசம்தான் கனம், மேற்பகுதியும் எஞ்சின் மூடியும் மெல்லிசு. மேலிருந்து வருகிற விமானத்துக்குத் தெரிவது அந்த மெல்லிசான பக்கம்தான். டாங்கிகள் மணலில் சுற்றிச் சுற்றி ஓடின. அன்று மேலிருந்து எடுத்த புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன: வெள்ளை மணலில் வட்டம் வட்டமாகச் சக்கரத் தடங்கள், ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் ஒரு கரும்புள்ளி. அந்தப் படத்தை என்னால் வெற்றிப் படமாக மட்டும் பார்க்க முடிந்ததில்லை. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் நான்கு பேர் இருந்திருப்பார்கள். பாகிஸ்தான் விமானப்படை அன்று அவர்களைக் காப்பாற்ற வரவில்லை. பக்கத்திலிருந்த ஜேக்கோபாபாத் தளமே இயங்கவில்லை. மேலே குடை இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த ஆட்களைத் திறந்த மணலில் அனுப்பிய மேலதிகாரிகள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அவர்கள் எதிரி நாட்டுக்காரர்கள் என்பதால் அந்தக் கோபம் குறையவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகள் அழிந்தோ கைவிடப்பட்டோ அங்கேயே கிடந்தன.

சரி, நான் தேடிப்போனது ஹண்டரை அல்ல.

அன்று காலை ஹண்டர்களுக்குக் கீழே இன்னொரு விமானம் பறந்துகொண்டிருந்தது. பெயர் கிருஷக். உழவன் என்று பொருள். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் செய்தது. விமானப் பயிற்சி மன்றங்களுக்காகச் செய்த புஷ்பக் என்ற குட்டி விமானத்திலிருந்து வளர்ந்தது. ஒற்றை எஞ்சின், 225 குதிரைசக்தி, இன்றைக்கு நல்ல எஸ்யூவி காரிலேயே அவ்வளவு இருக்கிறது. முழு வேகத்தில் ஓட்டினாலும் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். துப்பாக்கி கிடையாது, கவசம் கிடையாது. அதை ஓட்டியவர்கள் விமானப்படை விமானிகள் இல்லை. ராணுவத்தின் பீரங்கிப் படை அதிகாரிகளே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, குண்டு எங்கே விழுகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்வதற்காக வைத்திருந்த பிரிவு அது. லோங்கேவாலா மேலே அன்று கிருஷக்கில் இருந்தவர் மேஜர் ஆத்மா சிங். டாங்கிகளால் சுடக்கூடிய உயரத்தில், ஸ்கூட்டர் வேகம் என்று சொல்லத்தக்க வேகத்தில் சுற்றிக்கொண்டு, எந்த மேட்டுக்குப் பின்னால் டாங்கி ஒளிந்திருக்கிறது, எது ஏற்கெனவே எரிந்தது, எது இன்னும் ஓடுகிறது, நம் ஆட்கள் எந்தப் பக்கம் என்று ஹண்டர் விமானிகளுக்கு ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தரைப்படைக்கு விமானம் துணை நிற்பதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். விமானங்களைப் பற்றி எழுதுகிறார்கள், பீரங்கியின் அளவு, குண்டின் எடை, கவசத்தின் கனம் என்று பக்கம் பக்கமாக. என் கணக்கில் அந்தப் போர்முறையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பதைச் சொல்கிறவன் யார், அவன் எதைப் பார்க்கிறான், சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா, எல்லாம் அதில்தான் நிற்கிறது. 

இப்படி நான் யோசிப்பதற்குக் காரணம் என் பெரியப்பா. வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர், அங்கே வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போவது சாதாரணம். பெரியப்பா சிக்னல்ஸ் பிரிவில் வயர்லெஸ் ஆபரேட்டர், ஜபல்பூரில் பயிற்சி. லோங்கேவாலாவில் அவர் இல்லை. ஆனால் சின்ன வயதில் எங்களை வைத்து ஒரு விளையாட்டு நடத்துவார். இரண்டு பேரை முதுகோடு முதுகு உட்காரவைத்து, ஒருவன் கையில் ஒரு படத்தைக் கொடுப்பார். அவன் வாயால் சொல்ல வேண்டும், மற்றவன் அதைக் கேட்டு வரைய வேண்டும். நான் எப்போதும் "அங்க ஒரு மரம் இருக்கு" என்று ஆரம்பிப்பேன். "எங்கடா அங்க? உனக்கு அங்க, அவனுக்கு எங்க?" என்று தலையில் தட்டுவார். முதலில் பெரியதைச் சொல், அப்புறம் அதற்குள் சின்னதைச் சொல், அவன் திருப்பிச் சொல்லாமல் அடுத்ததற்குப் போகாதே. இதுதான் விதி. இந்த விளையாட்டுதான் போர்க்களத்தில் உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கிறது என்று எனக்குத் தெரிய இன்னும் முப்பது வருடம் ஆனது. விமானிக்கு இலக்கைக் காட்டுகிறவர்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்: பெரிய சாலையைப் பார்த்துவிட்டாயா, அது ஆற்றைக் கடக்கிற இடம் தெரிகிறதா, அங்கிருந்து வடக்கே மூன்றாவது கட்டடம். இலக்கின் உயரத்தையும் இடத்தையும் விமானி திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஆட்களுக்கு மிக அருகில் குண்டு விழப்போகிறது என்றால், அந்த ஆபத்தை ஏற்கிறேன் என்பதற்கு அடையாளமாகத் தரையில் இருக்கும் தளபதியின் பெயரின் முதலெழுத்துகளை அமெரிக்கர்கள் ரேடியோவில் சொல்வார்கள். இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறு எதுவும் படிக்க முடியவில்லை. ஒரு மனிதன் தன் பெயரின் இரண்டு எழுத்தைச் சொல்லிக் குண்டைத் தன் பக்கத்தில் கூப்பிடுகிறான்.

இதெல்லாம் சட்டென்று வந்த ஒழுங்கு இல்லை. இரண்டாம் உலகப் போர், 1944 ஜூலை 25, பிரான்ஸின் நார்மண்டியில் சாங்-லோ என்ற ஊருக்குப் பக்கம். ஜெர்மன் வரிசையை உடைக்க அமெரிக்கர்கள் சுமார் 1,500 கனரகக் குண்டுவீச்சு விமானங்களை அனுப்பினார்கள். ஒரு நேரான சாலைதான் எல்லைக்கோடு, அதற்குத் தெற்கே ஜெர்மானியர்கள், வடக்கே அமெரிக்கர்கள். விமானங்கள் சாலைக்கு இணையாக வர வேண்டும் என்று தரைப்படைத் தளபதி பிராட்லி விரும்பினார். விமானப்படைக்கு வேறு கணக்கு, அத்தனை விமானங்களும் குறுகிய நேரத்தில் கடந்துபோக வேண்டும், தரையிலிருந்து சுடுகிற பீரங்கிகளுக்கு அதிக நேரம் சிக்கக் கூடாது. ஆகவே சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, தங்கள் ஆட்களின் தலைக்கு மேலேயே வந்தார்கள். முதலில் விழுந்த குண்டுகளின் புழுதியும் புகையும் காற்றில் வடக்கே நகர, பின்னால் வந்தவர்களுக்குச் சாலையே தெரியவில்லை. அன்று ஒரு நாளில் 111 அமெரிக்கர்கள் தங்கள் விமானங்களாலேயே செத்தார்கள், 490 பேருக்குக் காயம். இறந்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஜெனரல் மெக்நேர். அதற்கு முந்தின நாளும் இதே தவறு நடந்து 25 பேர் இறந்திருந்தார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதே தாக்குதலில்தான் வேறொருவர் சரியான வழியையும் கண்டுபிடித்தார். ஜெனரல் கெசாடா, போர் விமானங்களின் தளபதி. அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். விமானத்தில் இருக்கிற அதே ரேடியோவை டாங்கிகளில் பொருத்தினார், அந்த ரேடியோவின் முன்னால் ஒரு விமானியை உட்காரவைத்தார். விமானியோடு விமானி பேசுகிறான். மேலிருந்து பார்த்தால் ஒரு தோப்பு எப்படித் தெரியும், ஒரு வேலி எப்படித் தெரியும் என்று டாங்கிக்குள் இருப்பவனுக்குத் தெரியும், ஏனென்றால் போன வாரம்வரை அவனும் மேலேதான் இருந்தான். தலைக்கு மேலே நான்கு நான்காகத் தண்டர்போல்ட் விமானங்கள் முறை மாற்றிச் சுற்றிக்கொண்டிருக்க, டாங்கி வரிசைகள் பிரான்ஸுக்குள் ஓடின. 1,500 விமானங்களைவிட அந்த ஒரு ரேடியோ பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏ-10 பற்றிச் சொல்லாமல் போனால் இந்த விஷயம் தெரிந்தவர்கள் விடமாட்டார்கள். தரைப்படைக்குத் துணை என்ற ஒரே வேலைக்காகக் கட்டிய அமெரிக்க விமானம், 1972-இல் முதலில் பறந்தது, ஏழு குழல் பீரங்கி, விமானியைச் சுற்றி டைட்டானியத் தொட்டி. மெதுவாக, தாழ்வாகப் பறக்கும் என்பதால் விமானியின் கண்ணே கீழே பார்த்துவிடும் என்று நம்புகிறவர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் 2003 மார்ச் 23, இராக்கின் நாசிரியாவில், கால்வாய்ப் பாலத்துக்கு வடக்கே நம் ஆட்கள் யாரும் இல்லை என்று நம்பிய ஒருவர் சொன்னதைக் கேட்டு, அங்கே இருந்த அமெரிக்க மரைன்களையே ஏ-10கள் தாக்கின. கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், சொல்கிறவனுக்குத் தன் ஆட்கள் எங்கே என்று தெரியாவிட்டால் அந்தக் கண்ணால் என்ன பிரயோஜனம்?

ஒரு தேதி என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. லோங்கேவாலாவுக்குச் சரியாக முப்பது வருடம் கழித்து, 2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தானின் காந்தகாருக்கு வடக்கே. அமெரிக்கச் சிறப்புப் படையினர் சிலர் ஹமீத் கர்சாயோடும் அவருடைய ஆப்கன் ஆட்களோடும் இருந்தார்கள். இலக்கைக் குறிக்கிற கையடக்க ஜிபிஎஸ் கருவியில் பேட்டரி தீர்ந்தது. மாற்றினார்கள். புது பேட்டரி போட்டதும் அந்தக் கருவி, ஏற்கெனவே கணக்கிட்ட இலக்கைக் காட்டாமல், தான் இருக்கிற இடத்தையே காட்டியது. அந்த எண்களை மேலே இருந்த பி-52 குண்டுவீச்சு விமானத்துக்குச் சொன்னார்கள். விமானத்தில் எல்லாம் சரியாக இயங்கியது. கிட்டத்தட்ட 900 கிலோ எடையுள்ள குண்டு, சொன்ன இடத்துக்கு அப்படியே வந்து விழுந்தது. மூன்று அமெரிக்கர்களும் கூட இருந்த ஆப்கானியர்களும் இறந்தார்கள். கர்சாய்க்கு லேசான காயம். அதே நாளில்தான் ஜெர்மனியின் பான் நகரில் அவரை ஆப்கானிஸ்தானின் இடைக்காலத் தலைவராக அறிவித்தார்கள்.

கிருஷக்கில் இருந்தவரிடம் இந்தக் கருவிகள் எதுவும் இல்லை, ஒரு வரைபடமும் ரேடியோவும் இரண்டு கண்ணும்தான். பழையதே நல்லது என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் அவர் தான் பேசுகிற பொருளைப் பார்த்துக்கொண்டே பேசினார், எண்ணை மட்டும் பார்த்துப் பேசவில்லை. 

2015 அக்டோபர் 3, ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் நடந்ததைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. தரையில் இருந்த படையினருக்குத் துணையாக பீரங்கிகள் பொருத்திய அமெரிக்க ஏசி-130 விமானம் இரவில் சுற்றிக்கொண்டிருந்தது. தாக்க வேண்டிய கட்டடம் ஒன்று, அதன் இட எண்களைக் கொடுத்தார்கள். எண்களைப் போட்டுப் பார்த்தால் விமானத்தின் கருவி வெறும் வயலைக் காட்டியது. சரி, சொன்ன அடையாளத்துக்குப் பொருந்துகிற கட்டடம் பக்கத்தில் எது என்று தேடினார்கள். ஒன்று கிடைத்தது. கீழே இருந்து வழிகாட்டியவருக்கு இரண்டு கட்டடமுமே கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்கள் கண்டுபிடித்த கட்டடம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை. தாக்க வேண்டியது 400 மீட்டர் தள்ளி இருந்தது. மருத்துவமனை எங்கே இருக்கிறது என்று அந்த அமைப்பு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தது. அரை மணி நேரம் சுட்டார்கள். 42 பேர் இறந்தார்கள், படுக்கையில் இருந்த நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்களும் நர்ஸ்களும். வயல் தெரிந்ததே, அந்த இடத்தில் ஒருவராவது நிறுத்தியிருக்கலாம். தப்பு என்று கருவியே சொன்ன நேரம் அது. "எங்கடா அங்க?" என்று கேட்க அந்த அலைவரிசையில் ஓர் ஆள் இல்லாமல் போனது.

லோங்கேவாலாவில் நினைவிடம் இருக்கிறது. பிடிபட்ட டாங்கிகள் மணலில் நிற்கின்றன, குழந்தைகள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஜெய்சல்மேர் போர் அருங்காட்சியகத்தில் ஒரு ஹண்டரும் நிற்கிறது, அழகான விமானம், பார்த்துக்கொண்டே இருக்கலாம். கிருஷக் மட்டும் இரண்டு இடத்திலும் என் கண்ணில் படவில்லை. அந்தப் போரை ஜெயித்தது தரைப்படையா விமானப்படையா என்று பல வருடங்கள் கழித்து ஒரு சண்டை கிளம்பி, ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்குள் வழக்குவரை போனது. படிக்கவே வருத்தமாக இருந்தது. இரவு முழுக்கத் தாங்கி நிற்க ஆள் இல்லையென்றால் காலையில் ஹண்டர்கள் வரும்போது டாங்கிகள் ராம்கட் சாலையில் இருந்திருக்கும். ஹண்டர்கள் வராமல் போயிருந்தால் அந்த 120 பேரும் மத்தியானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். 

லோங்கேவாலாவில் என் போனுக்கு சிக்னல் இல்லை. திரும்பும் வழியில் ராம்கட் டீக்கடையில் இரண்டு கோடு வந்ததும் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். காது மந்தமாகிவிட்டது, எண்பதை நெருங்குகிறார்.

"பெரியப்பா, லோங்கேவாலா போயிட்டு வர்றேன். டாங்கி எல்லாம் அங்க நிக்குது."

"எங்க அங்க?"

சிரித்துவிட்டேன், அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ராம்கட்டிலிருந்து வருகிற தார்ச்சாலை, நீளமாக, மேற்கே போகிறது. சாலை முடிகிற மாதிரித் தெரிகிற இடத்தில் ஒரு மணல்மேடு. மேட்டின்மேல் பதுங்குகுழிகள், அங்கே நின்று எல்லைப் பக்கம் பார்த்தால் கீழே ஒரு தட்டையான வெளி. ஒவ்வொன்றுக்கும் அவர் திருப்பிச் சொன்னார். சாலை மேற்கே. மேடு. மேட்டுக்குக் கீழே வெளி. 

"டாங்கி மேட்டு மேலயா, வெளியிலயா?"

"அன்னைக்கு வெளியில, பெரியப்பா. இப்போ நினைவிடத்துக்காக இழுத்துட்டு வந்து வச்சிருக்காங்க."

"அப்போ நம்ம ஆளுங்க மேட்டு மேல, அவங்க கீழ வெளியில."

"ஆமா."

"சூரியன் நம்ம ஆளுங்க முதுகுப் பக்கம்."

அதை நான் சொல்லவே இல்லை. சாலை மேற்கே போகிறது என்பதிலிருந்து அவரே போட்டுக்கொண்டார். ஆமா, முதுகுப் பக்கம்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"சரி, தெரியுது," என்றார். "அடுத்தது சொல்லு."